ஐந்தாவது பல்

நாக்கில் ஒட்டியது. ஒட்டக் கூடாதே. சொம்புத் தண்ணீரைக் கொப்பளித்து ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, துண்டின் நுனியால் நாக்கைத் துடைத்துக்கொண்டு, மேசைமேல் குனிந்து, ஐந்தாவது பல்லின் அடிவேரில் நுனிநாக்கை மறுபடி வைத்தேன். மெல்லப் பிடித்து இழுத்தது. விடுவித்தபோது சின்னதாக ஒரு சுருக். சந்தேகமே இல்லை, இது எலும்பு. எத்தனை கோடி வருஷம் மண்ணுக்குள் கல்லாகிக் கிடந்தாலும் எலும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், அவை ஈரத்தை உறிஞ்சும், அதனால் நாக்கைப் பிடிக்கும். வெறும் கல் பிடிக்காது. முப்பது வருஷமாக எலும்பையும் கல்லையும் நான் இப்படித்தான் பிரிக்கிறேன். காரை கிராமத்துப் பக்கத்து ஓடைகளில் நான் நக்கிப் பார்க்காத கல் குறைவு. குழாய் ஓட்டை அடைக்கும் எம்-சீல் பிடிக்காது. பிடிக்கவே பிடிக்காது. ஐந்தாவது பல் எம்-சீலால் செய்தது, என் மனைவி தையல்நாயகி செய்தது, அதை இன்று காலை பெயர்த்து எடுத்துவிடலாம் என்றுதான் மேலே பூசியிருந்த பசையைக் கரைத்துத் துடைத்தேன், துடைத்த இடத்தில் பார்த்தால் பத்துக்கோடி வருஷத்து நிஜப்பல் நாக்கைப் பிடிக்கிறது. மணி பத்தரை. நாலு மணிக்குப் பேராசிரியர் வந்துவிடுவார். மேசைமேல் என் கை நீளத்துக்குத் தாடை கிடக்கிறது, பத்தொன்பது பற்களோடு, தேன் தடவியது மாதிரிப் பளபளத்துக்கொண்டு. மீன்பல்லி என்கிறார்கள் தமிழில். இந்த ஊர் கடலாக இருந்தபோது நீந்திய பிராணி, மீன் மாதிரி உடம்பு, ஊர்வன ஜாதி. தையல் அதை மூத்தவள் என்பாள். "மூத்தவ எந்திரிச்சிட்டாளா? அவளுக்குத் தலை வாரி முடிச்சாச்சுன்னா எனக்குக் கொஞ்சம் தேங்கா திருவிக் குடுங்க." அந்த மூத்தவளின் வாயில் இவள் செய்த பல் எது?

திங்கட்கிழமை திருச்சியிலிருந்து பேராசிரியர் ஞானதிரவியம் போன் செய்தார். நல்ல மனிதர், நான் சுரங்கத்தில் துளைபோடும் மிஷின் ஓட்டியவன் என்று தெரிந்தும் ஐயா என்றுதான் கூப்பிடுவார். "ஐயா, வியாழக்கிழமை நாலு மணிக்கு வண்டியோட வர்றேன். மியூசியத்துல கண்ணாடிப் பெட்டி ரெடி. உங்க பேரப் போட்டுத்தான் வைக்கிறோம்." சரிங்க சார் என்றேன். "ஒண்ணே ஒண்ணு. ரெண்டு பல்ல மட்டும் குறுக்கால அறுத்துப் பாக்கணும். உள்ள வளையம் வளையமா இருக்கும், மரத்துல எண்ற மாதிரி எண்ணுனா இது எத்தனை வயசுல செத்துச்சுன்னு ஒரு குத்துமதிப்பா சொல்லலாம். எந்த ரெண்டுன்னு வந்து பாத்துக்கறேன்." அதற்கும் சரிங்க சார் என்றேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அந்த ரெண்டில் ஒன்று தையலுடையதாக இருந்தால்? ரம்பம் இறங்கியதும் உள்ளே சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி இருக்கும். வளையமாவது ஒன்றாவது. அதற்குப் பிறகு மற்ற பதினெட்டையும் எவன் நம்புவான்? முப்பது வருஷமாக ஓடை ஓடையாக அலைந்து, ஊசியால் மண்ணைக் கீறிக் கீறி எடுத்ததெல்லாம், பொழுது போகாத கிழவன் ஒட்டவைத்த பொம்மை என்று ஆகிவிடும். அது ஒரு பயம். இன்னொரு பயத்தை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவள் விரலால் உருட்டிய ஒன்றை, யாரென்றே தெரியாத பையன்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு ரம்பத்துக்கு அடியில் வைப்பது. அதனால் அவர் வருவதற்குள் அதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். முடிவு சுலபமாகத்தான் இருந்தது, ஏனென்றால் எந்தப் பல் என்று எனக்குத் தெரியும். ஐந்தாவது. நான்கு வருஷமாகத் தினமும் காலையில் காபி போடுவதற்கு முன் அந்தப் பல்லின்மேல் கட்டைவிரலை ஒரு நிமிஷம் வைத்துவிட்டுத்தான் போகிறேன். சாமி கும்பிடுவது மாதிரியெல்லாம் இல்லை. தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகும்போது போர்வையை இழுத்துவிட்டுப் போவோமே, அவ்வளவுதான். இப்போது என்னவென்றால், அந்த விரலை நான் யார்மேல் வைத்துக்கொண்டிருந்தேன்?

என் தப்புதான். தையலின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு வீட்டில் செய்வதற்கு வேலை இல்லை, தாடை அங்கங்கே பொருக்கு விட்டிருந்தது, அசிட்டோனில் பசையைக் கரைத்து பிரஷ்ஷால் முழுவதும் தடவினேன். ஒரு தடவை, காய்ந்ததும் இன்னொரு தடவை, அப்புறம் மூன்றாவது. தடவுவதற்கு முன்னால் எது எலும்பு, எது ஒட்டுப்போட்டது என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும், இந்த வேலையில் முதல் பாடமே அதுதான், எனக்கு நானே சொல்லிக்கொடுத்த பாடம். அன்றைக்கு நோட்டைத் தேடவில்லை. தடவிக்கொண்டே இருந்தேன். பசை துளையையெல்லாம் அடைத்துவிட்டால் அப்புறம் எலும்பும் நாக்கில் ஒட்டாது, எம்-சீலும் ஒட்டாது, எல்லாம் ஒரே வழுவழுப்பு, லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் ஒரே பழுப்பு. ஒவ்வொன்றாக அசிட்டோன் வைத்துத் துடைத்து, காயவிட்டு, அடிவேரில் நாக்கை வைத்துத்தான் பார்க்க வேண்டும். அடிவேரில் மட்டும்தான். பல்லின் மேல்பாகம் பளிங்கு மாதிரி, அது எப்போதுமே ஒட்டாது. சரி, ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். பஞ்சைத் தீக்குச்சியில் சுற்றி அசிட்டோனில் நனைத்து முதல் பல்லின் அடியில் உருட்டுகிறேன். பஞ்சு மஞ்சளாகிறது. வாடை மூக்கில் ஏறுகிறது. எங்கள் மகள் மங்கை கல்யாணத்துக்கு முந்தின நாள் நகப்பூச்சைத் துடைத்தபோது வீடெல்லாம் இந்த வாடைதான், தையல் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, "மூத்தவளுக்கு முகூர்த்தமா, என் மவளுக்கு முகூர்த்தமா?" என்றாள். முதல் பல் ஒட்டுகிறது. இரண்டாவது ஒட்டுகிறது. மூன்றாவதில் பஞ்சை வேண்டியதற்கு மேல் உருட்டிக்கொண்டிருந்தேன். கண்டுபிடிக்க வேண்டும் என்றா, கண்டுபிடித்துவிடுவேன் என்றா? ஒட்டியது. அப்பாடா என்று இருந்தது. எதற்கு அப்பாடா? இவள் இல்லை என்று ஒவ்வொரு பல்லும் சொல்லச் சொல்ல மிச்சம் இருப்பது குறைகிறது, குறையக் குறைய அவள் கிட்டே வருகிறாள், கிட்டே வந்தால் பெயர்த்து எடுக்க வேண்டும். நாலாவது ஒட்டியது.

அவள் அதைச் செய்தபோது நான் வீட்டில் இல்லை. கண் ஆபரேஷனுக்கு மங்கை என்னைத் திருச்சிக்குக் கூட்டிப்போயிருந்தாள். மூன்று நாள் கழித்து பச்சைத் துணியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வந்து இறங்கினேன். தையல் சொம்பைக்கூட நீட்டாமல் நேராக என்னை மேசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "ஒத்தக் கண்ணால பாருங்க. ஓட்டப்பல்லிக்குப் பல்லு கட்டிட்டேன்." அவளுக்கு அப்போதுதான் பல்செட் வைத்திருந்தது, சிரிக்கும்போது கொஞ்சம் கழன்று டக்கென்று சத்தம் வரும். எம்-சீலை ஈர்க்குச்சியில் உருட்டி, ஊக்கால் வரிவரியாகக் கோடு இழுத்து, டீ டிகாக்‌ஷனை நாலு தடவை தடவிக் காயவைத்ததாகச் சொன்னாள். "எல்லாம் நீங்க செய்யறதப் பாத்துத்தான். சமைக்கறதவிட சுலுவா இருக்கு." நான் என்ன செய்தேன்? நல்லா இருக்கு தையலு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? "யாரக் கேட்டுத் தொட்ட?" என்றேன். "யாரக் கேக்கணும், மூத்தவளையா?" என்றாள், இன்னும் சிரிப்போடுதான். "இது விளையாட்டுச் சாமான் இல்ல. இது என்னன்னு தெரியுமா உனக்கு? இதுல ஒரு பொய்யக் கலந்தா எல்லாமே பொய்." அப்போது சிரிப்பு நின்றது. "வேணாம்னா புடுங்கிப் போடுங்க, நான் என்ன வேணாம்னா சொல்றேன்," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டு நாள் பேசவில்லை. நான்தான் பேசவில்லை, அவள் தட்டை வைத்து "சாப்புடுங்க" என்றுதான் இருந்தாள். பிடுங்க நினைத்தேன், கண்ணில் கட்டு, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டு அவிழ்த்த பிறகு வேறு ஏதோ வேலை. அப்புறம் அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒரு பொய்யைக் கலந்தால் எல்லாமே பொய். எவ்வளவு பெரிய வார்த்தை, யாரிடம் போய்ச் சொன்னேன்.

ஆறு, ஏழு. ஏழாவதில் ஒரு ஓரம் பொருக்காக வந்துவிட்டது, டூத்பிக்கால் எடுத்து அதே இடத்தில் வைத்து ஒட்டினேன். எட்டு. போன் அடித்தது. மங்கை, ஓசூரிலிருந்து. "சாப்டீங்களாப்பா?" "இல்லம்மா, இனிமேத்தான்," என்றேன். நாக்கு மரத்துப்போயிருந்தது, சொல்லே வேறு மாதிரி வந்தது. "என்னப்பா குழறுது? அப்பா? ரெண்டு கையும் தூக்குங்க. தூக்கிட்டீங்களா? கண்ணாடில பாத்து சிரிங்க, வாய் ஒரு பக்கம் கோணுதா?" "ஒண்ணுமில்லம்மா, பல்ல நக்கிப் பாத்துட்டிருந்தேன்." "எந்தப் பல்ல? ஐயோ, அந்த மருந்து ஊத்துன பல்லையா? அறிவிருக்காப்பா உங்களுக்கு? அம்மா இருந்தா வௌக்கமாத்தாலயே போட்டிருப்பா." "அம்மா இருந்தா நான் ஏன் நக்கறேன்," என்றேன். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன், ஆனால் அவளுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்ததோ. அம்மா செய்த பல்லைப் பற்றி அவளுக்குத் தெரியாது. சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டேன். "அது இன்னிக்குப் போயிடும்ல? போனதும் பெட்டியக் கட்டிட்டு இங்க வந்துடுங்கப்பா. அங்க உங்களுக்கு யாரு இருக்கா?" பார்க்கலாம்மா என்றேன். பார்க்கலாம்தான். இந்த மேசை காலியானால் இந்த வீட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. "மூஞ்சியக் கழுவிட்டு சாப்புடுங்க, மொதல்ல," என்று அதட்டி வைத்துவிட்டாள். அதட்டல் அப்படியே அவள் அம்மா. சாப்பிடவில்லை. வாயைக் கழுவிக்கொண்டு வந்தேன். தண்ணீர் இனித்தது, அசிட்டோனுக்குப் பிறகு எதுவும் இனிக்கும். எட்டாவது ஒட்டியதா இல்லையா என்று மறந்துவிட்டது. மறுபடி வைத்தேன். ஒட்டியது. ஒன்பதாவதை வைக்கும்போதுதான், விரல் தானாக ஒட்டுக்கோட்டின்மேல் போய் நின்றது. தாடை இரண்டு துண்டாகக் கிடைத்ததல்லவா? முன்துண்டையும் பின்துண்டையும் நான் சேர்த்த கோடு, ஆறாவது பல்லுக்கும் ஏழாவதுக்கும் நடுவில், முடி அளவுக்கு. பின்துண்டு முதலில் கிடைத்தது. அவள் பல் செய்து வைத்தபோது மேசைமேல் இருந்தது பின்துண்டு மட்டும்தான். முன்துண்டு அதற்கு அடுத்த மழையில்தான் ஓடைக்கரை சரிந்து கிடைத்தது. ஆறு பற்களோடு. நான் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தபோது தையல் வாசலில் நின்று, "மூத்தவளுக்கு மூக்கும் வந்துடுச்சா," என்றாள். அவள் செய்தது அப்போதைய ஐந்தாவது. முன்னால் ஆறு வந்து சேர்ந்துவிட்டது. எண்ணிக்கை அன்றைக்கே மாறிவிட்டது, எனக்குள்ளே மட்டும் ஐந்து ஐந்தாகவே நின்றுவிட்டது. ஐந்தும் ஆறும் பதினொன்று.

பத்தாவதை விட்டுவிட்டேன். பதினொன்றாவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது, மணி இரண்டேகால். தாடையிலேயே அழகான பல் அது. லேசாக உள்பக்கம் வளைந்து, நுனி மழுங்காமல், வரிகள் அடியிலிருந்து நுனிவரைக்கும் அறுபடாமல். வருகிறவர்களுக்கெல்லாம் நான் அதைத்தான் காட்டுவேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்தபோது காட்டினேன், கல்லூரிப் பெண்கள் நான்கு பேர் வந்தபோது லென்ஸைக் கையில் கொடுத்துக் காட்டினேன். "இத பாருங்கம்மா, இயற்கை எப்படிச் செஞ்சிருக்கு பாருங்க, மனுஷன் கையால இந்தக் கோட்ட இழுக்க முடியுமா?" தையல் காபித் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "ஆமாங்க, அது நல்ல பல்லுதான்," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள், உள்ளே பாத்திரம் ஏதோ உருண்ட சத்தம், அப்புறம் அந்த டக். பல்செட் கழன்ற சத்தம். அது சிரிப்பு என்று எனக்கு இன்றைக்குத்தான் கேட்கிறது. ஒரு தடவையா, எத்தனை பேருக்குக் காட்டியிருப்பேன், எத்தனை தடவை அந்தத் தட்டோடு நின்றிருப்பாள். சொல்லியிருக்கலாமே, ஏங்க அது நான் செஞ்சதுங்க என்று எல்லோர் எதிரிலும் ஒரு வார்த்தை சொல்லி என் மூஞ்சியில் கரியைப் பூசியிருக்கலாமே. நான் இரண்டு நாள் பேசாமல் இருந்ததற்கு அது சரியாகப் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. பயந்துகொண்டு சொல்லவில்லையா, அல்லது அந்தப் புகழ்ச்சியைத் தட்டுக்குப் பின்னால் நின்று அப்படியே வைத்துக்கொண்டாளா? தெரியாது. கேட்க ஆள் இல்லை. பஞ்சை நனைத்து அடிவேரில் உருட்டினேன், காயும்வரைக்கும் ஊதினேன், நாக்கை வைத்தேன். வழுக்கியது. ஒன்றுமே பிடிக்கவில்லை. இன்னொரு தடவை வைத்தேன், சரிபார்ப்பதற்கு இல்லை.

இப்போது எடுக்க வேண்டும். சாக்கு ஊசியை அடுப்பில் காயவைத்து அடியில் கொடுத்தால் எம்-சீல் இளகும், நெம்பினால் வந்துவிடும். ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, இடுக்கியில் பிடித்து, மேசைவரைக்கும் கொண்டுவந்துவிட்டேன். சூடு தாடைக்கு ஏறினால் எலும்பு வெடிக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் நிஜம்தான். ஊசி கறுத்து ஆறும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன். எடுக்கவில்லை. எடுக்காமல், சொல்லாமல் கொடுத்தால்? பேராசிரியர் கட்டாயம் இதைத்தான் தேர்ந்தெடுப்பார், இதைப் போல் முழுசான பல் வேறு இல்லை. முதல் தடவை வந்தபோதே அவர் ஒன்று சொல்லிக்கொடுத்தார்: ஒட்டுப்போட்டதை ஒளிக்கக் கூடாது ஐயா, இடம் நிரப்பினால் நிறம் மாற்றி நிரப்புங்கள், பார்க்கிறவனுக்கு எது அசல் எது நம் கை என்று கேட்காமலே தெரிய வேண்டும். தையலுக்கு அந்த விதி தெரியாது. தெரியாததால்தான் இவ்வளவு நன்றாகச் செய்துவிட்டாள். மணி மூன்று. ஜன்னல் கம்பிக்கு அடித்த வெள்ளைப் பெயிண்ட் டப்பாவில் அடியில் கொஞ்சம் இருந்தது, மேலே ஆடை கட்டி. ஆடையைக் குத்தி, சன்னமான பிரஷ்ஷை நனைத்து, டப்பா விளிம்பில் வழித்தேன். முதல் தீற்றலுக்குத்தான் மனம் வரவில்லை. நாலு தடவை டிகாக்‌ஷன் தடவினாளே, எத்தனை மணிநேரம் குனிந்திருப்பாள், இடுப்புவலிக்காரி. வரிகள் அடைபடாதபடி மெல்லிசாக அடித்தேன், நுனியிலிருந்து அடிவரைக்கும், சுற்றிலும். அடித்துவிட்டு இரண்டு அடி பின்னால் வந்து பார்த்தேன். கதவுவரைக்கும் போய்ப் பார்த்தேன். பழுப்புத் தாடையில் வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. பத்துக்கோடி வருஷத்துப் பதினெட்டுப் பல்லும் பின்னால் போய், அந்த ஒன்று மட்டும் நின்றது. இத்தனை நாள் ஒருத்தருக்கும் தெரியாமல் இருந்தது, இனி இந்தத் தாடையை யார் பார்த்தாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். திரும்பி அடுப்படிப் பக்கம் பார்த்து தையலைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். கூப்பிடவில்லை. வாய் மட்டும்தான் திறந்தது.

நாலு மணிக்குச் சரியாக வண்டி வந்தது. ஞானதிரவியம் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரும்போதே, "ஐயா, இது என்னங்கய்யா வெள்ளையா?" என்றார். கிட்டே வந்து குனிந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. "அது மட்டும் பல்லு இல்லைங்க சார். எம்-சீலு. என் சம்சாரம் செஞ்சது," என்றேன். "மத்தது எல்லாம் நெஜம். பாதிய இன்னிக்கு நாக்க வச்சுப் பாத்துட்டேன். நீங்களும் வச்சுப் பாருங்க." அவர் சிரிக்கவில்லை. லென்ஸை எடுத்து அந்தப் பல்லை வெகுநேரம் பார்த்தார், வெள்ளைக்கு அடியில் ஓடும் வரிகளை. "பெயிண்ட் அடிக்காம இருந்தீங்கன்னா நான் இதத்தான் அறுத்திருப்பேன்," என்றார். தெரியும் என்றேன். பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, மேசை ஓரத்தில் வைத்து, பேனா மூடியைத் திறந்தார். "பதினொண்ணாவது பல், செயற்கை. செஞ்சவங்க பேரு சொல்லுங்கய்யா." தையல்நாயகி என்றேன். அந்தப் பெயரை இந்த வீட்டுக்குள் யாரும் சத்தமாகச் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது, எனக்கே யாரோ சொன்னது மாதிரி இருந்தது. அவர் எழுதினார். "எப்ப செஞ்சாங்க?" என்று கேட்டார், தேதியோ வருஷமோ சொன்னால் போதும், அந்தக் கட்டத்தில் இடமே அவ்வளவுதான். "எனக்குக் கண் ஆபரேஷன் சார்," என்று ஆரம்பித்தேன். "மூணு நாள் திருச்சில இருந்தேன். வந்து எறங்குறேன், சொம்பு தண்ணிகூடக் குடுக்கல, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போறா..." வாசலில் டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். பேராசிரியர் திரும்பிப் பார்க்காமலே கையைக் காட்டி இரு என்றார், பேனாவை மூடினார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.